அக்கா அறையின் ரிமோட்

1

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை எங்கள் வீட்டுச் சுவர்களில் சூடு தரும் நான்கு இயந்திரங்களும் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தன. வெளியே கார்க் கண்ணாடியில் உறைபனி பிடித்திருந்தது. ரிமோட்டை அமுக்கினேன். திரும்ப அமுக்கினேன். பேட்டரியைக் கழற்றி வேட்டியில் துடைத்துப் போட்டு மறுபடி அமுக்கினேன். ஒரு பீப் சத்தம்கூட வரவில்லை.

என் மனைவி வசந்தி போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். "ஏனுங்க, நம்ம ரூம்லயும் வரலீங்க. மாட்டி ஒரு மாசங்கூட ஆகலயே" என்றாள். அவள் மேட்டுப்பாளையத்துக்காரி. கனடாவுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகியும் அந்த 'ங்க' அவளை விட்டுப் போகவில்லை.

சமையலறைக்குப் போனால் தெய்வானை அக்கா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். நாலரை மணிக்கே எழுந்து தன் அறை ரிமோட்டை அமுக்கிப் பார்த்திருக்கிறாள், வரவில்லை. எங்களை எழுப்பவும் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, மிஷினுக்கு நேற்று பூஜை போட்டோம், இன்றைக்கு அது லீவு எடுத்திருக்கும் என்றாள். அக்காவின் கிண்டல் எப்போதும் இப்படித்தான். முகத்தில் ஒன்றும் தெரியாது.

மதியம் கம்பெனி ஆள் ஏணியோடு வந்தான். ஏறிப் பார்த்தான். கட்டைவிரலால் ஒரு இடத்தைத் துடைத்தான். விரலை என்னிடம் நீட்டி, இது என்ன என்று கேட்டான். சந்தனமும் குங்குமமும்.

முந்தின நாள் சாயங்காலம் அக்கா வீட்டில் ஒன்றையும் விடவில்லை. கார், மிக்ஸி, குக்கர், மகன் அரவிந்தின் கம்ப்யூட்டர், நான் பனி அள்ளும் மண்வெட்டி, எல்லாவற்றுக்கும் பொட்டு. சுவரில் இருக்கும் இந்த வெள்ளைப் பெட்டிகளில் எங்கே வைப்பது என்று கொஞ்சம் யோசித்திருக்கிறாள். வழவழவென்ற வெள்ளையில் ஒரே ஒரு ஓரத்தில் சின்னதாய்க் கறுப்புக் கண்ணாடி இருந்தது. பொட்டு வைப்பதற்கென்றே விட்ட இடம் என்று நினைத்துவிட்டாள். ரிமோட்டின் கட்டளையை வாங்கும் கண் அதுதான். நான்கு இயந்திரத்தின் கண்ணையும் அடைத்துவிட்டாள்.

பேருந்து ஓட்டும் அளவுக்கு எனக்கு ஆங்கிலம் உண்டு. இயந்திரத்துக்கு ஏன் பொட்டு வைக்கிறோம் என்று விளக்கும் அளவுக்கு இல்லை. நன்றி சொல்வதற்காக என்று ஏதோ உளறினேன். அவன் தலையாட்டிவிட்டு, அப்படியானால் இந்தப் பக்கம் வையுங்கள் என்று இடம் காட்டினான். பிறகு, வெளியே இருக்கும் பெரிய பெட்டிக்கு ஏன் வைக்கவில்லை, வேலை எல்லாம் அதுதானே செய்கிறது என்று கேட்டான். நான் சொன்னதும் அக்காவுக்கு வெட்கமாகிவிட்டது. அந்தக் குளிரில் சால்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே போய் அதற்கும் வைத்துவிட்டு வந்தாள்.

2

இதை எழுதச் சொன்னவர் கூடலூரில் சிறு பத்திரிகை நடத்தும் நண்பர். வெளிநாட்டுப் பனியைப் பற்றி எழுதுங்கள் என்றார். நீலகிரிக்காரர்களுக்கு நான் பனியைப் பற்றி என்ன சொல்ல? சூட்டைப் பற்றி எழுதுகிறேன்.

நான் இருப்பது ஹாலிஃபாக்ஸ், கடலோர ஊர். நகரப் பேருந்து ஓட்டுகிறேன். எங்கள் வீட்டு நிலவறையில் எண்ணெய் எரிக்கும் பழைய பாய்லர் ஒன்று இருந்தது. அது வெந்நீரைச் சுவரோரக் குழாய்களில் அனுப்பி வீடு முழுவதையும் ஒரே மாதிரி சூடாக்கும். கூடத்துச் சுவரில் ஒரே ஒரு திருகு. வசந்தி ஏற்றுவாள், அரவிந்த் இறக்குவான், நான் இரண்டு பேரையும் திட்டுவேன்.

அதை எடுத்துவிட்டு இந்தப் புதிய ஏற்பாட்டைப் போட்டேன். பார்ப்பதற்கு நம்மூர் ஸ்பிலிட் ஏசி மாதிரிதான். குளிரில் சூடு தரும், வெயிலில் குளிர்ச்சி தரும். வீட்டுக்குள் காற்றுக் குழாய் ஒன்றும் ஓடாது. வெளியே ஒரு பெரிய பெட்டி, உள்ளே கூடத்துக்கு ஒன்று, எங்கள் அறைக்கு ஒன்று, அரவிந்த் அறைக்கு ஒன்று, நான்காவது அக்காவுக்கு. நாலு அறைக்கு நாலு ரிமோட், ஒன்று மற்றதில் வேலை செய்யாது. அவரவர்க்கு வேண்டிய சூடு அவரவர் அறையில்.

உண்மையில் அந்த நான்காவதுக்காகத்தான் மற்ற மூன்றும்.

தெய்வானை அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். சேரம்பாடிப் பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து பறித்துச் சில வருடங்களுக்கு முன் வேலை ஓய்வு பெற்றாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா, அப்பா இருவரையும் கடைசிவரை பார்த்தவள் அவள்தான். என்னை டிப்ளமோ படிக்கவைத்ததும் அவள்தான். இருக்கும் வீடு எஸ்டேட் லைன் வீடு. வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. ஆள் குடியிருந்தால் ஆபீஸில் கொஞ்சம் பொறுப்பார்கள். பூட்டிக் கிடந்தால் காத்திருக்கும் இன்னொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்தக் குடும்பத்துக்கும் வீடு வேண்டுமே, அதைத் தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் எழுபதைத் தொடப்போகும் என் அக்காவுக்குத் தனக்கென்று சொல்ல ஒரு கதவு இந்த உலகத்தில் கிடையாது. அதை நினைத்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. பேருந்தை நிறுத்தத்தில் நிறுத்தியிருக்கும்போதுகூட செல்போனில் கூடலூரில் மழையா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

கனடாவுக்கு நிரந்தரமாக அழைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், மனைவிக்கு வழி உண்டு, பிள்ளைக்கு உண்டு, பெற்றோருக்கு உண்டு. அக்காவுக்கு இல்லை. அவள் என்னை வளர்த்தவள் என்று அலுவலகத்துப் பெண்ணிடம் சொன்னேன். வளர்த்ததற்கு நீதிமன்றத் தாள் இருக்கிறதா என்று கேட்டாள். அவளும் நல்ல பெண்தான், அவளுக்குக் கேட்கச் சொல்லிக்கொடுத்ததைக் கேட்டாள். கடைசியில் ஆறு மாத விசாவில் அழைத்தேன். அதை நீட்டிக்கொண்டே போகலாம் என்பது என் கணக்கு.

விமான நிலையத்தில் அதிகாரி எதற்காக வந்தாய் என்று கேட்டபோது, அக்கா தனக்குத் தெரிந்த எஸ்டேட் ஆங்கிலத்தில் நிமிர்ந்து நின்று பதில் சொன்னாளாம்: "டூட்டி ஃபினிஷ். லீவு." அவர் மேற்கொண்டு கேட்காமல் முத்திரை குத்திவிட்டார். நான் அங்கே நின்றால் தாள்களை நாலு முறை எடுத்துப் பார்ப்பேன். அவளுக்கு அதெல்லாம் இல்லை.

3

எங்கள் குடும்பம் முதலில் இடம் மாறியபோது எனக்கு ஏழு வயது. இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து, இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு என்று எழுதி அனுப்பினார்கள். அப்பா இந்தியாவைப் பார்த்ததே இல்லை. அவருடைய அப்பாவுக்கு அது சொந்த ஊராம்.

லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லாரும் சொன்னார்கள், இந்தியா வெயில் ஊர், அங்கே கம்பளி எதற்கு என்று. தோட்டத்தில் ஆளுக்கொரு கனத்த கறுப்புக் கம்பளி கொடுத்திருந்தார்கள். புறப்படும் வாரத்தில் அம்மா நான்கையும் துவைத்துக் காயவைத்து மடித்து அக்கம்பக்கத்துக் காம்பரா வீடுகளில் கொடுத்தாள். பெட்டியில் இடமும் மிச்சம், புண்ணியமும் ஆச்சு என்று அப்பா சொன்னார். எங்களோடு புறப்பட்ட முக்கால்வாசிப் பேர் இதையேதான் செய்தார்கள். இந்தியாவிலும் ஒரு மலை இருக்கும், அங்கேயும் எங்களைத் தேயிலைக்குத்தான் அனுப்புவார்கள் என்று யாருக்கும் தோன்றவில்லை.

புறப்படும் நாளில் அப்பாவுக்குக் காய்ச்சல். காம்பராச் சாவியை ஆபீஸில் கொடுத்தால்தான் கணக்கு முடியும். பதினேழு வயது அக்கா சாவியை எடுத்துக்கொண்டு போனாள். நானும் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு போனேன். ஆபீஸில் எனக்கு நினைவிருப்பது சுவரில் ஆணி வரிசையில் தொங்கிய சாவிகள் மட்டும்தான். கணக்கப்பிள்ளை ஒரு ஆணியில் மாட்டினார். நாங்கள் திரும்பி வந்தபோது எங்கள் காம்பரா வாசலில் வேறு யாரோ பானையோடு நின்றார்கள். எங்கள் பெட்டிகள் வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் கிடந்தன. மழை வேறு.

தலைமன்னாரில் கப்பல், மண்டபத்தில் முகாம், பிறகு ரயில், பிறகு பஸ். மண்டபத்து வெயிலில் அப்பா சந்தோஷமாகத்தான் இருந்தார். கம்பளியைக் கொடுத்தது சரிதான் என்று இரண்டு மூன்று முறை சொன்னார். ஊட்டியைத் தாண்டி நடுவட்டத்தில் பஸ் நின்றது. இறங்கினோம். மூடுபனியில் பக்கத்தில் நிற்கும் ஆள் தெரியவில்லை. அம்மா நூல் புடவைத் தலைப்பை என் மேல் போர்த்தி, பஸ்ஸோரம் நின்று சத்தமில்லாமல் அழுதாள். டீக்கடைக்காரர், எங்கிருந்து வாறீங்க, போத்திக்க ஒண்ணுமில்லீங்களா என்று கேட்டார். அப்பா டீக்குக் காசை எடுத்து நீட்டினார். அதற்குப் பிறகு கம்பளிப் பேச்சை வீட்டில் யாரும் எடுத்ததில்லை.

சேரம்பாடியில் லைன் வீடுகள் இன்னும் முடியவில்லை. இரண்டு குடும்பத்துக்கு ஒரு வீடு என்று போட்டார்கள். நடுவில் சாக்கைத் தைத்துத் தொங்கவிட்டோம். அடுப்பு ஒன்றுதான். தேயிலை கவ்வாத்து வெட்டிய குச்சிதான் விறகு, சிலோன் பேச்சில் மிலாறு என்போம். மழைக்காலத்தில் அது பற்றவே பற்றாது. பற்றியதும் இரண்டு குடும்பமும் அதைச் சுற்றி உட்காரும். அப்பா, அம்மா, நான், அந்தப் பக்கத்து மாமா, அத்தை, அவர்களின் பிள்ளைகள். அந்த மாமா பேய்க்கதை சொல்வார். என் முட்டிகள் சூடாகி, முதுகு மட்டும் குளிரும். திரும்பி உட்கார்ந்து முதுகைக் காட்டுவேன். இவ்வளவு சூடான இடத்தை நான் பிறகு எங்கேயும் கண்டதில்லை. மஸ்கட்டில் நான்கு வருடம் வேலை பார்த்தவன் இதைச் சொல்கிறேன்.

ஹாலிஃபாக்ஸில் குளிர்கால விருந்துகளில் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். நம் ஆட்கள் கண்கலங்குவார்கள். வசந்தி மட்டும் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். அவளுக்கு இது மனப்பாடம்.

4

இந்த இயந்திரத்தில் ஒரு சங்கதி உண்டு. விற்றவர்கள் சொல்லியிருப்பார்கள், நான் காதில் வாங்கவில்லை. உள்ளே நாலு பெட்டி இருந்தாலும் வெளியே இருப்பது ஒன்றுதான். அது ஒரு நேரத்தில் சூடு தரும், அல்லது குளிர்ச்சி தரும். இரண்டையும் சேர்த்துத் தராது. முதலில் யார் எதைக் கேட்கிறார்களோ அதுதான் வீட்டுக்கே சட்டம். அதற்கு எதிராகப் பிறகு கேட்பவரின் பெட்டியில் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும், ஒன்றும் வராது.

எங்கள் வீட்டில் முதலில் கேட்பது யார்? நாலரை மணிக்கு எழுந்திருப்பவள். ஆயுள் முழுக்க விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்த பழக்கம். பெரட்டுக்களத்தில் பிந்தினால் அன்றைக்கு வேலை இல்லை. ஓய்வு பெற்றும் அந்த நேரத்துக்குக் கண் திறந்துவிடும். கண்ணைத் திறந்ததும் ரிமோட்டை எடுத்துச் சூட்டை முப்பதுக்கு ஏற்றிவிடுவாள்.

அரவிந்துக்கு வயது பத்தொன்பது. பனிக்காலத்திலும் அரைக்கால் சட்டை. மாடியில் வெயில் விழும் அறை, மூன்று திரை, இரண்டு கம்ப்யூட்டர், சாத்திய கதவு. உள்ளே என்ன செய்கிறான் என்று கேட்டால் புராஜெக்ட் என்பான். தமிழ் புரியும், பேச வராது, அல்லது வராதது போல இருப்பான். என்னிடம் ஒரு நாளைக்கு அவன் பேசும் சொற்களை விரல்விட்டு எண்ணலாம். அக்டோபரில் நாலைந்து நாள் வெயில் திரும்பி வந்து ஏமாற்றும். அந்த நாட்களில் பத்து மணிக்கு எழுந்து குளிர்ச்சி கேட்பான். விளக்கு மினுக்கும். கீழே இறங்கி வந்து, என் அறை வெந்துகொண்டிருக்கிறது, யார் சூடு போட்டது என்று ஆங்கிலத்தில் கத்துவான்.

எனக்கு அவன் மேல் கோபம். ஆனாலும் வீட்டில் சமாதானம் வேண்டுமே. அக்காவிடம் போனேன். கட்டிலில் காலை நீட்டி, ஈரத்தலையை விரித்துப்போட்டு, அந்தச் சூட்டுக்கு நேராக உட்கார்ந்திருந்தாள். பையனுக்காகக் காலையில் மட்டும் அவள் அறையை அணைத்துவிடலாம், போர்த்திக்கொண்டு கூடத்தில் எங்களோடு வந்து உட்காரலாம் என்று சொன்னேன். அக்கா சரி என்பாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவள் எதற்குச் சரி சொல்லாமல் இருந்திருக்கிறாள்?

"முடியாது" என்றாள்.

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். பிறகு என் பழைய பாட்டை எடுத்தேன். சேரம்பாடியில் ஒரே அடுப்பைச் சுற்றி எத்தனை பேர் உட்கார்ந்தோம், எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம், இங்கே ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு ரிமோட் என்று ஆகிவிட்டோமே என்றேன்.

அக்கா தலைமயிரைக் கோதுவதை நிறுத்தினாள்.

"நீ குளிர் காஞ்ச தம்பி. ஊதுனது நானு. ஈர மிலாறு, பொகை, கண்ணு ரெண்டும் மொளகா அரைச்சு வச்ச மாரி இருக்கும். பத்த வச்சு நிமுந்தா சுத்தி நீங்கல்லாம் உக்காந்துருப்பீங்க. எனக்கு எடம் எங்கடா இருந்துச்சு? நான் சாக்குக்கு அந்தாண்ட போயிப் படுத்துக்குவேன்."

அக்கா ரிமோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இத்தன வயசுக்கு இப்பத்தான் அமுக்குனா சூடு வருது, ஊத வேணாம். கதவச் சாத்துனா என் சூடு எனக்கு. இத யாருக்கும் தர மாட்டேன். ஒம் புள்ள கிட்ட நான் பேசிக்கிறேன். நீ போ, போகும்போது கதவச் சாத்திட்டுப் போ."

சாத்திவிட்டு வந்தேன். அந்த வட்டத்தில் அக்கா எங்கே உட்கார்ந்திருந்தாள் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவு வரவில்லை. மாமாவின் கதை நினைவிருக்கிறது. என் முட்டியின் சூடு நினைவிருக்கிறது. விருந்துகளில் அந்தக் கதையை நான் அதற்குப் பிறகு சொல்வதில்லை.

5

அத்தையும் மருமகனும் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. அவனுடைய தமிழுக்கும் இவளுடைய ஆங்கிலத்துக்கும் நடுவில் விரலும் கடிகாரப் படமும் உதவியிருக்க வேண்டும். முடிவு மட்டும் தெரிந்தது. வெயில் நாட்களில் அவன் எழுந்து வந்து அத்தை கதவைத் தட்டுவான். அவள் தன்னுடையதை அணைத்துவிட்டு வெளியே வெயிலில் போய் உட்காருவாள். சாயங்காலம் அவன் தன்னுடையதை அணைத்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். மறந்தால் மறுநாள் கிடையாது. அவன் ஒருநாளும் மறக்கவில்லை. நான் நூறு முறை சொன்ன குப்பைத் தொட்டியை இன்றும் மறக்கிறான்.

அவள் காலையில் ரிமோட்டை அமுக்குவதற்கு அவன் 'பெரட்டு' என்று பெயர் வைத்திருந்தான். அத்தை, இன்னிக்குப் பெரட்டு லேட் என்று அவன் தமிழில் சொன்னதை நான் மாடிப்படியில் நின்று கேட்டேன். என்னிடம் இவ்வளவு நீளமாக அவன் தமிழ் பேசி வருடக்கணக்காகிறது. பொறாமையாக இருந்தது, மறைப்பானேன்.

டிசம்பர் வந்ததும் எல்லா அறையும் சூடுதான் கேட்டது, தகராறு தானாக அடங்கியது. அக்கா அறை மட்டும் அடுப்பங்கரை மாதிரி கொதித்தது. ஒருமுறை காபி கொடுக்கக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். "தட்டிட்டு வா" என்றாள். எங்கள் வம்சத்தில் கதவைத் தட்டச் சொன்ன முதல் ஆள் இவளாகத்தான் இருக்கும். சாக்குத் திரையில் எங்கே தட்டுவது? வசந்திக்கு இது மிகவும் பிடித்துப்போனது. "அக்கா சொன்னது நெசந்தானுங்க, இனிமே எல்லாரும் தட்டிட்டே வாங்க" என்று எனக்கும் அதே சட்டத்தைப் போட்டுவிட்டாள்.

பிப்ரவரியில் விசா நீட்டிப்புக்கு எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். அக்காவின் கையெழுத்து மட்டும் பாக்கி. அந்த வாரம்தான் சேரம்பாடியிலிருந்து செல்வியின் அழைப்பு வந்தது. செல்வி பக்கத்து வீட்டுப் பெண், அக்கா வீட்டில் விளக்கேற்ற அவளிடம் ஒரு சாவி கொடுத்திருந்தோம். ஆபீஸிலிருந்து ஆள் வந்து பூட்டிக் கிடக்கிற வீடுகளைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள், அக்கா எப்ப வருவாங்க என்று கேட்டாள்.

அக்கா போனை வைத்துவிட்டு, டிக்கெட் போடு என்றாள்.

நான் குதித்தேன். அந்த ஒழுகிற காம்பராவைக் காக்கவா இவ்வளவு தூரம் போக வேண்டும், போனால் போகட்டும், இங்கே இல்லாத வசதியா என்று கத்தினேன். வீட்டுக்குள் மேலும் கீழுமாக நடந்தேன். வசந்தி கண்ணைக் காட்டினாள், நான் நிறுத்தவில்லை.

அக்கா நான் ஓயும்வரை காத்திருந்தாள். "இங்க எனக்கு ஆறு மாசம். நீ நீட்டுனா இன்னொரு ஆறு மாசம். அதுக்கப்புறம் போன்னு சொன்னா, அங்கயும் வீடு இருக்காது. எனக்குன்னு ஒரு எடத்துல கால வச்சுக்கிட்டுத்தான் இன்னொரு எடத்துக்குக் கால எடுக்க முடியும்" என்றாள்.

நான்கு நாட்டில் வாழ்ந்தவன் நான். ஒவ்வொரு கவுன்டரிலும் பிறந்தது எங்கே, வந்தது எங்கிருந்து, குடியுரிமை எது என்று மூன்று வேறு வேறு பதில் சொல்லிச் சொல்லி நாக்குத் தேய்ந்தவன். இங்கே ஈழத் தமிழர் கடையில் ஊர் எது என்று கேட்டால், ஒருநாள் அட்டன் என்பேன், ஒருநாள் சேரம்பாடி என்பேன், கடைக்காரர் என்னைச் சந்தேகமாகப் பார்ப்பார். பள்ளிக்கூடத்தையே எட்டிப் பார்க்காத அக்காவுக்கு இருந்த தெளிவு எனக்கு இல்லை என்று மனம் சுருங்கியது. டிக்கெட் போட்டேன்.

விமான நிலையத்துக்கு அரவிந்தும் வந்தான். அரைக்கால் சட்டையில்தான். அக்கா அவன் முட்டியைத் தொட்டுப் பார்த்து, கல்லு மாதிரி சில்லுனு இருக்கு என்றாள். உள்ளே போகும் வளைவில் ஒருமுறை திரும்பி, தோளில் இருந்த பையைத் தட்டிக் காட்டினாள். வசந்தி கட்டிக்கொடுத்த முறுக்கைச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

6

இரண்டு நாள் கழித்துப் பெரும்பனி. ஆள் இல்லாத அறையையும் கொஞ்சம் சூடாக வைக்காவிட்டால் சுவர் ஈரம் பிடிக்கும். அக்கா அறைக்குள் போனேன். கட்டில் விரிப்பு சுருக்கமில்லாமல் இருந்தது. இயந்திரத்தின் ஓரத்தில், கம்பெனி ஆள் காட்டிய இடத்தில், பொட்டு அப்படியே இருந்தது. ரிமோட்டைக் காணோம்.

கட்டிலுக்கு அடியில், மெத்தைக்குக் கீழே, அலமாரியில் என்று நானும் வசந்தியும் தேடினோம். "துணியோட போட்டுக் குப்பைக்கு எதாச்சும் போயிருச்சுங்களா?" என்று வசந்தி குப்பைப் பையையே கிளறினாள். கடைசியில் சேரம்பாடிக்குப் போன் போட்டேன்.

"என்கிட்டதான் இருக்கு" என்றாள் அக்கா.

மறந்து எடுத்துப் போய்விட்டாள் என்று நினைத்து, பரவாயில்லை, அங்கே அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை, தூக்கிப் போட்டுவிடு, இங்கே கடையில் வேறு கிடைக்கும் என்றேன்.

"வாங்காத" என்றாள். போனில் மழைச் சத்தம் கேட்டது. லைன் வீட்டுத் தகரத்தில் அது எப்படிக் கொட்டும் என்று உங்களுக்குத் தெரியும்.

"சிலோன்ல சாவியக் கொண்டுபோயிக் குடுத்தது நாந்தானே. திரும்பி வந்தா அடுத்த ஆளு பானையோட நிக்கிது. நம்ம பொட்டியத் தூக்கி மழையில வச்சுட்டாங்க. நீ சின்னப் புள்ள, ஒனக்குத் தெரியாது. அன்னியிலருந்து எனக்கு அது ஆறல. இந்த வாட்டி நான் சாவியக் குடுத்துட்டு வரல தம்பி."

போன் பேச்சை அரவிந்தும் கேட்டுக்கொண்டு நின்றான். எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. அந்தப் பெட்டியின் மூடிக்கு உள்ளே கையால் அமுக்கும் பொத்தான் ஒன்று இருக்கிறது, ரிமோட் இல்லாமலே போடலாம் என்று சொன்னவனும் அவன்தான். போடேன் என்றேன். அவன் ஏணி எடுக்கப் போகவில்லை. தன் அறைக்குப் போய், பழைய சின்ன ரூம் ஹீட்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து அக்கா அறையின் நடுவில் வைத்துத் திருகிவிட்டான். இயந்திரத்தைத் தொடவேயில்லை.

ஏப்ரலில் வசந்தியின் தம்பி குடும்பத்தோடு வந்தான். அந்த அறையைக் கொடுக்கலாம் என்று வசந்தி படுக்கையை எடுத்தாள். அரவிந்த் குறுக்கே வந்து நின்றான். "அது அத்தை ரூம்" என்றான் தமிழில். விருந்தாளிகளுக்குத் தன் அறையைக் கொடுத்துவிட்டு, மூன்று திரைகளையும் கூடத்தில் பரப்பி, ஒரு வாரம் எங்கள் காலடியில் படுத்திருந்தான்.

சேரம்பாடியில் ஆபீஸ் ஆள் மறுபடி வந்தாராம். அக்கா வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாளாம். பார்த்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த முறை என்ன சொல்வார் என்று யாருக்கும் தெரியாது. நான் இங்கே வழக்கம்போல மேலும் கீழும் நடந்துகொண்டிருக்கிறேன். நேற்றும் பேசினேன். வீட்டுச் சாவி இடுப்பில் இருக்கிறது, ரிமோட் டிரங்குப் பெட்டியில் துணிக்கு நடுவில் இருக்கிறது, இரண்டும் பத்திரம் என்றாள். ரிமோட்டுக்குள் இருக்கும் பேட்டரி தீர்ந்துபோயிருக்கும், நான் திரும்பி வரும்போதைக்குப் புதிதாய் ரெண்டு வாங்கி வை என்றும் சொன்னாள்.

வாங்கி வைத்துவிட்டேன்.